மாத்திரை அட்டையைக் கையில் தருமுன் கேட்க வேண்டியவை

சென்ற ஆண்டு ஒரு நாள் முற்பகலில், நமது மருத்துவமனையின் மகப்பேறுப் புறநோயாளர் பிரிவிலிருந்து மருந்தகத்திற்கு அழைப்பு வந்தது. நான் சென்றபோது, இருபத்தொன்பது வயதுடைய பெண் ஒருவர் இரண்டு மாத்திரை அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒன்று கருத்தடை மாத்திரை. மற்றொன்று காசநோய்க்கு அவர் மூன்று மாதங்களாக உட்கொண்டு வந்த மாத்திரை. கருத்தடை மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை என்று அவர் கூறினார். அட்டையில் வரிசையாகக் காலியாயிருந்த குழிகளும் அதையே கூறின. ஆயினும் அவர் பத்து வாரக் கர்ப்பமாக இருந்தார்.

“நான் எங்கே தவறினேன் என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார் அவர்.

அவர் எங்கும் தவறவில்லை. காசநோய் சிகிச்சையின் முதன்மையான மருந்துகளுள் ஒன்று ரிஃபாம்பிசின். அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பன்மடங்கு தூண்டிவிடும் இயல்புடையது. அவ்வாறு தூண்டப்பட்ட கல்லீரல், கருத்தடை மாத்திரையிலுள்ள ஹார்மோன்களையும் விரைந்து அழித்துவிடுகிறது. மாத்திரை விழுங்கப்படுகிறது, ஆனால் கருவுறுதலைத் தடுக்கத் தேவையான அளவு அது இரத்தத்தில் நிலைப்பதில்லை. காசநோய்ச் சிகிச்சை முடிந்த பின்னும் ஏறத்தாழ நான்கு வாரங்கள் இந்த விளைவு நீடிக்கும். இது அரிய செய்தியன்று. மருந்தியல் படித்த எவரும் முதலாண்டிலேயே அறிந்துகொள்வது.

அறிந்தவர்கள் பலர் இருந்தும், அப்பெண்ணின் வாழ்வில் இந்த இரு அட்டைகளும் ஒருமுறைகூட ஒரே மேசைமேல் வைக்கப்படவில்லை. காசநோய் மருந்து வழங்கிய இடத்தில் கருத்தடை குறித்து எவரும் கேட்கவில்லை. கருத்தடை மாத்திரை விற்ற கடையில் வேறு மருந்து ஏதும் உண்டா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயன் இருந்திராது. மாதந்தோறும் கடைக்குச் சென்றவர் அவருடைய கணவர்; பழைய அட்டையை நீட்டிப் புதிய அட்டையைப் பெற்றுக்கொண்டு திரும்பியவர்.

மருந்தாளுநர்களே கருத்தடை மாத்திரையைப் பரிந்துரைக்க அனுமதிக்கலாமா என்ற விவாதம் உலகின் பல நாடுகளில் நடந்து, சிலவற்றில் சட்டமாகவும் ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுதுமாறு இதழின் ஆசிரியர் குழு என்னைக் கேட்டபோது, என் நினைவில் முதலில் எழுந்தவை அந்த இரண்டு அட்டைகளே. ஆகவே இக்கட்டுரையை அங்கிருந்தே தொடங்கினேன்.

பேனா யார் கையில்?

அமெரிக்காவில் ஹார்மோன் கருத்தடை மாத்திரை 1960-ஆம் ஆண்டில் அங்கீகாரம் பெற்றது. அன்று முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அதை வாங்க மருத்துவரின் சீட்டு தேவைப்பட்டது. மருத்துவரைச் சந்திக்க நாள் கிடைக்காதவர்களும், விடுப்பு எடுக்க இயலாதவர்களும், அருகில் மருத்துவரே இல்லாத ஊர்களில் வாழ்பவர்களும் மாத்திரையின்றி இருந்தனர். 2015-இல் ஒரிகன் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2016 ஜனவரி முதல், அங்குப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கருத்தடை மாத்திரையையும் தோலில் ஒட்டும் கருத்தடைப் பட்டையையும் தாமே எழுதித் தரலாம் என்றாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் கலிஃபோர்னியாவும் அவ்வழியில் வந்தது. பின்னர் வேறு பல மாநிலங்கள் தொடர்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரிகன் சட்டம் மருந்தாளுநரின் கையில் பேனாவை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு கேள்வித்தாளையும் சேர்த்துக் கொடுத்தது. மாத்திரை வேண்டி வரும் பெண் அத்தாளைத் தம் கையாலேயே நிரப்ப வேண்டும். மருந்தாளுநர் இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். விடைகளுள் ஒன்று அபாயத்தைக் காட்டினால், மாத்திரை தராமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எந்தத் தடையும் இல்லையெனில் எழுதித் தரலாம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் அப்பெண் ஒருமுறையேனும் மருத்துவரைக் கண்டிருக்க வேண்டும்.

இங்கிலாந்தும் படிப்படியாகவே நகர்ந்தது. 2021 ஜூலையில், டெசோஜெஸ்ட்ரெல் என்னும் ஒற்றை ஹார்மோன் மாத்திரையை மருந்தாளுநரின் ஆலோசனைக்குப் பின் சீட்டின்றி விற்கலாம் என ஐக்கிய இராச்சியத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. 2023-இல் இங்கிலாந்தின் அரசு நலவாழ்வுத் துறை, மருந்துக் கடைகளில் கட்டணமில்லாக் கருத்தடைச் சேவையைத் தொடங்கியது. முதலில், ஏற்கெனவே மாத்திரை உட்கொள்வோருக்குத் தொடர்ந்து வழங்குதல். அவ்வாண்டு டிசம்பர் முதல், புதிதாகத் தொடங்குவோருக்கும் வழங்குதல். கடைக்குள் கதவு சாத்திய தனியறையில் இந்த ஆலோசனை நடைபெறுகிறது. அந்தக் கதவைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் எண்ண வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் சேவை அனுமதிக்கப்பட்டு ஓராண்டு சென்றபின் ஆய்வாளர்கள் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தபோது, ஏறத்தாழ ஒன்பதில் ஒரு கடையே அதை வழங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆலோசனைக்குச் செலவாகும் கால் மணி நேரத்திற்கு ஊதியம் யார் தருவது என்ற கேள்வி எந்த நாட்டிலும் எளிதில் தீர்வதில்லை. நானும் முகப்பில் நின்று பழகியவன். வரிசை நீளும்போது கேள்விகள் குறைந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லையைக் கடந்த பெண்கள்

டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரமும் மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரெஸ் நகரமும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் உள்ளன. எல் பாசோ பெண்கள் சிலர் உள்ளூர் மருத்துவ நிலையத்தில் சீட்டுப் பெற்று மாத்திரை வாங்கினர். வேறு சிலர் பாலத்தைக் கடந்து, மெக்சிகோவின் கடைகளில் சீட்டின்றி வாங்கினர். ஒரே நகரத்துப் பெண்கள், இரண்டு வழிகள். ஆய்வாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான களம் எளிதில் கிடைக்காது. அவர்கள் இரு சாராரையும் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர்.

கண்டவை இரண்டு. கடையில் நேரடியாக வாங்கியவர்கள், மருத்துவ நிலையத்தில் பெற்றவர்களைக் காட்டிலும் மாத்திரையை இடையில் கைவிடாமல் தொடர்ந்தனர். மாத்திரை தீர்ந்து, அடுத்த சீட்டு கிடைக்காமல் நின்றுபோகும் நிலை அவர்களுக்கு நேரவில்லை. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது: மாத்திரை உட்கொள்ளக் கூடாத உடல்நிலை உடையவர்கள், கடையில் வாங்கியவர்களிடையே சற்றே அதிகமாக இருந்தனர். அதற்குப் பெரிதும் காரணமாயிருந்தது, அவர்களே அறியாத உயர் இரத்த அழுத்தம்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரிகனின் கேள்வித்தாளும் அழுத்தமானியும் ஏன் வந்தன என்பது விளங்கும். சீட்டு ஒரு தடையாக இருந்தது உண்மை. அந்தத் தடையோடு சேர்ந்து ஒரு பாதுகாப்பும் இருந்தது என்பதும் உண்மை. முன்னதை நீக்கும்போது பின்னதை இழந்துவிடாமல் இருப்பதற்கே அந்தத் தாள்.

அமெரிக்கா 2023 ஜூலையில் ஒரு படி மேலும் சென்று, நார்ஜெஸ்ட்ரெல் மட்டுமே கொண்ட ஒரு மாத்திரையைச் சீட்டும் மருந்தாளுநரும் இன்றியே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என அனுமதித்தது. அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை என்பதே இதற்கு முதன்மையான காரணம். இரத்தம் உறைதல், பக்கவாதம் முதலிய அபாயங்கள் பெரிதும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகளோடு தொடர்புடையவை. ஆனால் ஒற்றை ஹார்மோன் மாத்திரையையும் ரிஃபாம்பிசின் வலுவிழக்கச் செய்யும் என்பதை நம் வாசகர்கள் மறக்கலாகாது.

நம் ஊர்க் கடையில்

இந்தியாவில் மருந்தாளுநருக்கு மருந்து எழுதும் உரிமை இல்லை. எனினும் மாலா-டி போன்ற சில மாத்திரைகள் நெடுங்காலமாகவே கடைகளில் சீட்டின்றி விற்கப்படுகின்றன. மாலா-என், சாயா ஆகியவை அரசு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. பிற ஹார்மோன் மாத்திரைகள் பலவற்றின் உறையில், மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். நடைமுறையில் அந்த எச்சரிக்கை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

ஆகவே மற்ற நாடுகள் சட்டம் இயற்றித் திறந்த கதவு, இங்கே சட்டமின்றியே பாதி திறந்து கிடக்கிறது. மாத்திரை கிடைக்கிறது, கேள்விகள் கிடைப்பதில்லை. இதில் வருந்தத்தக்க வேறொரு முகமும் உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரெல் அடங்கிய அவசரக் கருத்தடை மாத்திரை 2005 முதல் சீட்டின்றி விற்க அனுமதிக்கப்பட்டது. எனினும் சென்னை உட்படத் தமிழ்நாட்டின் பல கடைகளில் அது வைக்கப்படுவதே இல்லை என்பது நாளிதழ்களில் பலமுறை வெளிவந்த செய்தி. உறவுக்குப்பின் 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவில் உட்கொள்கிறோமோ அவ்வளவு பயன்தரும் மருந்து அது. கடை கடையாகத் தேடி அலைவதற்கு அதில் நேரமில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேளாமல் கொடுப்பதும், கொடுக்க வேண்டிய இடத்தில் முகத்தைச் சுளித்து மறுப்பதும் ஒரே முகப்பில் நடக்கின்றன.

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவைக் கருத்தடையையே நம்பியிருக்கின்றனர். மாத்திரை உட்கொள்வோர் மிகச் சிலரே. இதற்குப் பல காரணங்கள் கூறப்படும். என் அனுபவத்தில் ஒரு காரணம், மாத்திரையைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் இடம் இல்லாமை. இடப்புறம் அண்டை வீட்டுக்காரர், வலப்புறம் பள்ளி ஆசிரியர், பின்னால் இருமல் மருந்துக்குக் காத்திருப்பவர் என நிற்கும் முகப்பில், ஒரு பெண் தம் மாதவிலக்கைப் பற்றியும் பாலூட்டலைப் பற்றியும் எப்படிப் பேசுவார்? அதனால் கணவரை அனுப்புகிறார். கணவர் மடித்த தாளில் பெயரை எழுதி நீட்டுகிறார். வாங்குபவர் ஒருவர், உட்கொள்பவர் மற்றொருவர். அப்போது மருந்தாளுநர் எவ்வளவு அக்கறையோடு கேட்டாலும் விடை சொல்ல அங்கு ஆளில்லை. இங்கிலாந்தின் தனியறைக் கதவைப் பின்னர் பேசுவதாகச் சொன்னது இதற்காகத்தான். மருந்தாளுநருக்கு எழுதும் உரிமை நம் நாட்டிலும் ஒருநாள் வரலாம். வர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன்னதாகவே கதவும் அழுத்தமானியும் வந்தாக வேண்டும்.

இன்னொரு சிறு செய்தி. முகப்பில் மருந்து எடுத்துத் தருபவர் அனைவரும் மருந்தாளுநர் அல்லர். பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். “மருந்தாளுநரிடம் பேச வேண்டும்” என்று கேட்பது உங்கள் உரிமை. அதில் எவரையும் அவமதிப்பது ஏதுமில்லை.

உங்கள் விடைகளை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்

ஒரிகனின் கேள்வித்தாளில் உள்ளவை இரகசியங்கள் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அவற்றையே கூறுகிறது. மாத்திரை தொடங்க உள்பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ பொதுவாகத் தேவையில்லை. தேவைப்படுவது இரத்த அழுத்த அளவும் சில நேர்மையான விடைகளுமே. கடைக்கு வேறொருவர் செல்வதானால் இவ்விடைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

முதலில் இரத்த அழுத்தம். மேலளவு 140, கீழளவு 90 ஆகியவற்றுள் ஒன்றை எட்டினாலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை அளக்கக் கட்டணமில்லை.

அடுத்தது தலைவலி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைக் கேட்பவர் மிகக் குறைவு. சாதாரணத் தலைவலியால் தடையில்லை. ஆனால் ஒற்றைத் தலைவலி தொடங்குமுன் கண்முன் மின்னும் நெளிகோடுகள் தோன்றுதல், பார்வையில் ஒரு பகுதி சிறிது நேரம் மறைதல், முகத்திலோ கையிலோ மரத்துப்போதல் ஆகிய அறிகுறிகள் உங்களுக்கு வருவதுண்டா? வருமாயின், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எந்த வயதிலும் கூடாது. பக்கவாதத்தின் வாய்ப்பை அது கூட்டும். “ஒளி வந்துதான் தலைவலி வரும், அது எல்லோருக்கும் அப்படித்தானே?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எல்லோருக்கும் அப்படியன்று.

உங்களுக்கோ, உங்கள் பெற்றோர் உடன்பிறந்தோருக்கோ காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்ததுண்டா என்பது மற்றொரு கேள்வி. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைக்கும் இது பொருந்தும். கோயில் விழாவிற்கும் திருமணத்திற்கும் முன்பாக நம் வீடுகளில் சர்வசாதாரணமாக வாங்கப்படும் அந்த நாரெதிஸ்டிரோன் மாத்திரை கருத்தடை மாத்திரை அன்று. அதை நம்பி இருந்தவர்கள் கருவுற்று வந்ததுண்டு.

குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் முதல் ஆறு வாரங்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தொடவே கூடாது. ஆறு மாதம் வரை தவிர்ப்பது நல்லது. சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லாததால் பாலூட்டும் தாய்மார்களுக்கு அது தரப்படுகிறது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பின்னர் வாரம் ஒருமுறை என்பது அதன் முறை; தினமும் அன்று. முப்பத்தைந்து வயதைக் கடந்து புகைபிடிப்பவர்கள், மார்பகப் புற்றுநோய் உடையவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உடையவர்கள் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

கடைசியாக, மற்ற மருந்துகள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின், கார்பமசெபின், எச்.ஐ.வி. மருந்துகள் சில ஆகியவை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும். லாமோட்ரிஜின் உட்கொள்பவர்களுக்கு நேர்மாறான சிக்கல் உண்டு: கருத்தடை மாத்திரை அம்மருந்தின் அளவைக் குறைத்து வலிப்பை வரவழைக்கலாம். காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் தரப்படும் வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகளால் இச்சிக்கல் இல்லை, அச்சம் வேண்டாம்.

இவற்றைப் படித்து மாத்திரையையே வெறுத்துவிட வேண்டாம். மாத்திரை உட்கொள்ளாத பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ இருவருக்கு இரத்த உறைவு ஏற்படுகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் கலந்த இருஹார்மோன் மாத்திரையால் அது ஐந்து முதல் ஏழு பேராக உயர்கிறது. கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்திலும் அந்த அபாயம் இதைவிட அதிகம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், இதுவரை அறியாத கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மாத்திரை அட்டையையும் கொண்டுவாருங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரோடு கலந்து பேசிக் கர்ப்பத்தைத் தொடர்வதென அவர் முடிவு செய்தார். காசநோய் மருந்துகள் கர்ப்ப காலத்திலும் தொடர வேண்டியவை. அவற்றைத் தவறாமல் உட்கொண்டு குணமடைந்தார். பெண் குழந்தை பிறந்தது. பேறு முடிந்த மறுநாளே, அவர் விருப்பப்படி காப்பர்-டி பொருத்தப்பட்டது. எந்த மருந்தாலும் அதன் பயன் குறைவதில்லை என்பதை அவர் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சம்மதித்தார்.

நமது மருந்தகத்தின் வலக்கோடியில் ஒரு சிறு அறை இருக்கிறது. முன்பு அது அட்டைப்பெட்டிகள் அடுக்கும் இடம். இப்போது அங்கு இரண்டு நாற்காலிகளும் ஓர் அழுத்தமானியும் கதவும் உண்டு. மருந்து எழுதித் தரும் உரிமை எங்களுக்கு இல்லை. உங்கள் விடைகளைக் கேட்டு, தேவையானால் அப்போதே மருத்துவரை அழைத்துப் பேசுவோம். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் கூட்டம் குறைவு. வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். முகப்பில் “பேச வேண்டும்” என்று மட்டும் சொன்னால் போதும். எதைப் பற்றி என்று அங்கே சொல்ல வேண்டியதில்லை.